பொத்தானுக்கு ஒரு போணி

சங்ககிரியில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு நான்தான் வெப்சைட் பார்க்கிறேன். யார் வருகிறார்கள், ‘விலை கேட்க’ பொத்தானை யார் அமுக்குகிறார்கள் என்று அறிய டேக் மேனேஜர் என்ற எண்ணும் கருவியைப் பொருத்தினேன். தினமும் காலையில் தவறாமல் யாரோ அமுக்கினார்கள். ஆனால் ஒரு ஆர்டரும் வரவில்லை.

ஒருநாள் சீக்கிரமே போனேன். முதலாளி சின்னண்ணன் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிவிட்டு, அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

“போணி ஆகோணுமில்ல சாமி?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறையிலிருந்து அமுக்கினால் எண்ணாதபடி டேக்கை அங்கேயே மாற்றினேன். மறுநாள் எண்ணிக்கை பூஜ்யம். அதைச் சின்னண்ணனிடம் காட்டினேன்.

“என்ன சாமி, கடையவே மூடிப்போட்ட?”

“சூடம் காட்டுறது உங்க வேலைங்கண்ணா, பொத்தான அமுக்கறது வாரவங்க வேலை. கடைய இப்பத்தான் தொறந்திருக்கேன்.”