கங்காணியின் உதை

போன கிறிஸ்துமஸ் விழாவில் எஸ்டேட் மண்டபமே வயிறு குலுங்கச் சிரித்தது. தலையணை வைத்துக் கட்டிய தொந்தி, கழுத்தில் மஃப்ளர், வாய் நிறைய வசவு. ஆபீசில் வேலை பார்க்கும் செரீனா, கங்காணி நாகரத்தினமாக வேஷம் கட்டி, தேயிலைச் சாக்குகளை எட்டி எட்டி உதைத்தாள். நிஜ நாகரத்தினம் பாதியிலேயே எழுந்து போனார். அன்றிலிருந்து அவளோடு பேச்சே இல்லை.

இந்த வருடமும் அதே வேஷம்தான் வேண்டும் என்றார்கள். கிடைக்கும் சிரிப்பை இழக்கவும் அவளுக்கு மனசில்லை; அவர் மறுபடி எழுந்து போவாரோ என்று சோறும் இறங்கவில்லை. இருந்தாலும் திமிரைப் பாருங்கள்! உதையை இன்னும் அச்சாகப் பிடிக்க, விழா அன்று காலையில் மலைக்கே போய்விட்டாள்.

நிறுவைக்கு வந்த சாக்குகளை நாகரத்தினம் உதைத்துக்கொண்டே வந்தார்.

"சாக்கு வாயக் கட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது, கழுதைங்களா!"

கொழுந்து பறிக்கும் மணியம்மாவின் சாக்கை உதைத்ததும் பச்சைப் பாம்பு ஒன்று சரசரவென்று வெளியே வந்தது. "ஐயோ அம்மா!" என்று அலறிய கங்காணி, ஒரே தாவலில் லோரிமேல் ஏறிவிட்டார்.

செரீனா சிரித்துவிட்டாள். மணியம்மா சிரிக்கவில்லை.

"பாம்புன்னா அவருக்கு உசுரே போயிரும் லா. ஆனா உள்ள பாம்பு இருக்கான்னு அவரு உதைச்சுப் பாக்காம எங்கள சாக்குல கை வைக்க விடமாட்டாரு. தினம் பாக்குறோமே."

செரீனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் உதைக்கும் காலைப் பார்த்துப் பார்த்துத்தானே நடித்தாள்! அது நடுங்குவதை மட்டும் எப்படிப் பார்க்காமல் போனாள்?

மாலையில் நாகரத்தினம் வாசல் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேடையில் அதே தொந்தி, அதே வசவு, அதே சிரிப்பு. சாக்கு வந்ததும், அதில் கை வைக்கப் போன, கூட நடித்த பெண்ணைச் செரீனா கையால் பின்னே தள்ளினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுங்கும் காலைத் தூக்கினாள். மண்டபம் அமைதியானது. உதைத்தாள். கயிற்றுப் பாம்பு துள்ளி விழ, அலறிக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். கூரை பிய்த்துக்கொள்ளும் சிரிப்பு!

வாசலைப் பார்த்தாள். அவர் நாற்காலி காலி.

"தொந்தி அவ்ளோ பெருசு இல்ல லா."

மேடைக்குக் கீழே நாகரத்தினம் நின்றிருந்தார்.

"அப்புறம், நான் ஏறினது நாக்காலி இல்ல, லோரி. நடிச்சா ஒழுங்கா நடி."

தன் கழுத்து மஃப்ளரை உருவி அவளிடம் நீட்டினார்.

"இந்தா, அடுத்த வருஷம் இதப் போட்டுக்க."