அரங்கம் வேண்டாம் என்றவர்

பாகூர் பஸ் நிறுத்தத்தில் சிங்காரவேலுவின் முகத்தை ஒரு மாடி உயரத்துக்குப் பேனர் அடித்து நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பின்னால் புல்வெளியில் சாய்த்து வைத்த ஒரு கிரிக்கெட் மட்டை. 'பாகூருக்கு அரங்கம் கொண்டுவந்த எங்கள் அண்ணனுக்கு நன்றி' என்று கீழே எழுதியிருந்தது. உர மூட்டை வாங்க வந்த சிங்காரவேலு மொபெட்டை விட்டு இறங்கவும் மறந்து, நடுரோட்டில் ஒரு காலை ஊன்றியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரன் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனான்.

கொண்டுவந்தாராமே! ஒரு வருஷமாக அவர் தொண்டை கிழியக் கத்தியதே அந்த அரங்கம் கூடாது என்றுதான்.

வில்லியனூர்ப் பக்கம் அரசாங்கச் செலவில் பெரிய கிரிக்கெட் அரங்கம் வரப்போகிறது, கட்டி முடித்ததும் ஒரு தனியார் கம்பெனி அதில் போட்டி நடத்தி டிக்கெட் விற்கும் என்று செய்தி வந்த நாளிலிருந்து அந்தக் கத்தல் ஆரம்பம். அவர் கிரிக்கெட்டுக்கு விரோதி இல்லை. அறுவடையைத் தள்ளிப்போட்டு ஐந்து நாள் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிற பைத்தியம். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். டிக்கெட் விற்கிறவன் கொட்டகையையும் கட்டிக்கொள்ளட்டும். சினிமாக் கொட்டகையை ஊர்ப்பணத்தில் கட்டி ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் நாமே காசு கொடுத்துப் படம் பார்ப்போமா? வாய்க்காலும் ஆஸ்பத்திரியும் பழுதில்லாமல் இருந்து, கஜானா நிரம்பி வழிந்தாலும் இது தப்புதான் என்பார். எந்த ஊரில் வந்தாலும் தப்புதான் என்பார்.

இதனால் உறவிலேயே பகை. மகள் சுவேதாவை வில்லியனூரில் கொடுத்திருந்தார். சம்பந்தி அரங்கநாதனுக்கு அங்கே சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை. "ஒங்கப்பா எங்க ஊருக்கு வர்றத கெடுத்து, அவுங்க ஊருக்கு இழுக்கப் பாக்கறாரு" என்று அவர் மருமகளிடமே சொல்லியிருக்கிறார். "எங்கப்பா அப்டி ஆளு கெடையாது மாமா. பாகூருக்கே குடுத்தாலும் வேணாம்னுதான் சொல்லுவாரு" என்று அவள் பதில் சொல்லப்போக, மாமனாருக்கும் அவளுக்கும் பேச்சு நின்றுபோனது. புருஷனும் முகம் கொடுப்பதில்லை. அதையெல்லாம் போனில் சொல்லி முடித்துவிட்டு, "நீ பேசுப்பா, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்தத் தைரியத்தில்தான் சிங்காரவேலு மறியலிலும் உட்கார்ந்தார், போலீஸ் வேனிலும் ஏறினார்.

உரக்கடையை மறந்துவிட்டு நேராகப் பாக்யராஜ் வீட்டுக்கு வண்டியை விட்டார். பாக்யராஜ் அடுத்த வயல்காரன். மறியலுக்கு ஆள் சேர்த்தது, மைக் செட் பிடித்தது, அதிகாரிகளைப் போய்ப் பார்த்தது எல்லாம் அவன்தான். கூடப்பிறந்தவன் மாதிரி நம்பியிருந்தார்.

"வாண்ணா, வா! பேனர் பாத்தியா? வில்லியனூர கேன்சல் பண்ணி நமக்கு குடுத்துட்டாங்க. எம்மெல்லேவே கூப்ட்டு சொன்னாரு."

"நாம இன்னாடா கேட்டோம்?"

"இதத்தாண்ணா."

"வேணாம்னுதானடா கேட்டோம்!"

பாக்யராஜ் சிரித்தான். கள்ளச் சிரிப்பாக இருந்திருந்தால்கூடத் தேவலை. மனசாரச் சிரித்தான்.

"வேணாம்னு சொன்னாத்தானண்ணா குடுப்பாங்க? மாட்டுச் சந்தையில துண்ட ஒதறிகினு எழுந்து போறவனத்தான கைய புடிச்சி இழுக்கறான். ஒன்ன மாரி பேச இந்த கொம்யூன் பஞ்சாயத்துலயே ஆளு இல்லண்ணா. நீ பேசலன்னா நம்மள எவன் மதிச்சிருப்பான்?"

"ஊர்ல எல்லாருக்கும் இது தெரியுமா?"

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்குது?"

சிங்காரவேலுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்த அத்தனை பேரும் பேரத்துக்குத்தான் கை தட்டியிருக்கிறார்கள். நிஜத்தைப் பேசிக்கொண்டிருந்த முட்டாள் அவர் ஒருத்தர்தான். துரோகி என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னாலும் எதிரே நிற்கிறவனுக்குப் புரியாது என்பதுதான் அவரை அதிகம் எரித்தது.

"அந்த பேனர எடுடா."

"போட்டோ புடிக்கலியாண்ணா? வேற நல்லதா போட்றலாம்."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூருக்கு வண்டியை விரட்டினார். போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை இது. மகள் அறிந்த அப்பா பொய் இல்லை என்பதை நேரில் சொல்லியாக வேண்டும்.

ஒரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அரங்கநாதன், இன்று வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி! ஒங்க கிட்டதான் தொழில் கத்துக்கணும். கல்யாணத்துல நாங்க ஒண்ணும் வேணாம்னு சொன்னப்ப, நீங்களா புரிஞ்சிகினு நெறைவா செஞ்சீங்களே, அப்பவே நெனச்சேன் வெவரமான ஆளுன்னு. போவட்டும், எடம் எங்க இருந்தா இன்னா? கம்பியும் சிமெண்டும் நம்ம கடையிலருந்து போறதுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

சுவேதா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"பேனர வாட்ஸாப்ல பாத்தேன்பா."

"நான் கேக்கலம்மா. அந்த பாக்யராஜ் பண்ண வேல. சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரிப்பா."

இரண்டு எழுத்துச் சரி. மாமனாருக்கு முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் சொன்ன சரி. அதில் நம்பிக்கை இருந்த இடம் காலியாக இருந்தது. பாக்யராஜ் குத்தியது இப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது. சிங்காரவேலு சொம்பை வாங்காமல் நிமிர்ந்தார்.

"நாளைக்கி காலைல பாகூர் பஸ் ஸ்டாப்ல, அந்த பேனருக்குக் கீழயே உண்ணாவிரதம் உக்காரப் போறேன். தனியாத்தான். எங்க ஊருக்கும் அது வேணாம்."

அரங்கநாதன் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லுங்க சம்பந்தி, இப்ப இன்னா கேக்கப் போறீங்க?"

சிங்காரவேலு மகளைப் பார்த்தார். அவளும் அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.