மூன்றாவது கட்டம்

பன்னிரண்டு நாள் ஊழியப் பயணத்தில் எனக்குக் கொடுத்த வேஷம் மரம். குள்ளமான ஒருவன் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறுகிற கதையை நாடகமாகப் போட்டோம். கிட்டார் வாசிப்பவன் குள்ளன். லீடர் அண்ணன் இயேசு. இரண்டு அக்காக்களும் ஜனக்கூட்டம். நான் தலையில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலுக்குப் பின்னால் கையை விரித்து நிற்க வேண்டும். வசனம் கிடையாது. மூன்றாம் நாளே என் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது. "மரம், அந்தத் தண்ணி பாட்டில எடு." "மரம், பையெல்லாம் பாத்துக்கோ." மரமும் எடுத்துக் கொடுத்தது, பார்த்துக்கொண்டது.

கல்லூரி ஜெபக் குழுவிலிருந்து ஐந்து பேர் விமானம் ஏறி வந்திருந்தோம். அந்த ஐந்துதான் என் தலைவலி. ஊழியத்துக்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. அக்காக்கள் ஒரு ஜோடி, அண்ணனும் கிட்டாரும் ஒரு ஜோடி, மிச்சம் நான். அவர்கள் கதவு தட்டப் போகும்போது நான் சபைக் கட்டடத்தின் பின்னறையில் உட்கார்ந்து துண்டுப் பிரதிகளை மடிப்பேன். ஒரு மேஜை, ஏழு மடக்கு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று அந்தச் சுவரிடமே கேட்டிருக்கிறேன்.

சமையலறையில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். ஐந்து பெயர்கள், மேலே 'ஆத்துமாக்கள்' என்று தலைப்பு. காலைச் சாப்பாட்டின்போது, யார் எத்தனை பேரை இயேசுவிடம் கொண்டுவந்தார்களோ அத்தனை கோடுகளை அண்ணன் ஸ்கெட்ச் பேனாவால் போடுவார். அக்காக்களுக்கு ஆளுக்கு நான்கு, கிட்டாருக்கு ஆறு. எனக்கு நேரே வெறும் பேப்பர். ஊர் திரும்பியதும் ஜெபக் குழுவின் முன்னால் ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். எங்களுக்காக உபவாசம் இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, மரமாக நின்றுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம். நம் ஊர்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள் நடத்துகிற சபை அது. நாடகம் முடிந்ததும் அண்ணன் உருக்கமாகப் பேசிவிட்டு, "இன்னைக்கு இயேசுவ ஏத்துக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். கை தூக்குகிறவர்களோடு ஜெபிக்க ஆளுக்குச் சில வரிசைகள் பிரித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. அதில் இருந்ததே ஒரே ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட நீல யூனிஃபார்ம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டைக்கூட அவிழ்க்காமல் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாராம். ஜெபித்தபோது என் குரல்தான் நடுங்கியது, அவருடையது இல்லை. பிறகு தீர்மான அட்டையை நீட்டினேன். அதில் மூன்று கட்டங்கள். எனக்காக ஜெபியுங்கள். வேதாகமம் வேண்டும். என்னை வந்து சந்தியுங்கள். முதல் இரண்டையும் அவர் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது கட்டத்தில் பேனாவை அழுத்தி ஒரு டிக் போட்டார்.

"வியாழக்கிழமை வர்றேன் அங்கிள். கண்டிப்பா."

"காலைல ஏழுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் தனியாத்தான் இருப்பேன். பின் கேட் வழியா வா தம்பி."

மறுநாள் காலை சார்ட்டில் எனக்கும் ஒரு கோடு விழுந்தது. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் அந்தச் சபையின் பாஸ்டர் வந்து அட்டைகளைப் புரட்டினார். என்னுடையதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இவரா? தம்பி, இதோட இவரு பதினோராவது தடவை ரட்சிக்கப்படறாரு."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். ரப்பர் பேண்ட் போட்ட பழைய அட்டைகள். பத்து அட்டைகளை உருவி மேஜையில் பரப்பினார். ஒரே கையெழுத்து. எல்லாவற்றிலும் மூன்றாவது கட்டத்தில் அதே டிக்.

"எந்த டீம் வந்தாலும் இவரு கை தூக்கிடுவாரு. நல்ல மனுஷன்தான். ஆனா கணக்குல சேத்துக்காத."

"யாராவது போய்ப் பாத்தாங்களா பாஸ்டர்?" என்று ஒரு அக்கா கேட்டாள்.

"போகணும்மா. நானும் வேலைக்குப் போறவன், அவரு ஷிஃப்ட்டும் என் ஷிஃப்ட்டும் ஒத்து வர மாட்டேங்குது."

"மரத்துல காய்ச்சதே ஒண்ணு, அதுவும் சொத்தை" என்றான் கிட்டார். சமையலறையே சிரித்தது. அண்ணன் பாவம், ஸ்கெட்ச் பேனாக் கோட்டை அழிக்க முடியாமல் அதன்மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டினார். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தேன்.

ஆனால் காது இரண்டும் சுட்டன. ஒன்பது வயதிலிருந்து நான் ஹாஸ்டல் பிள்ளை. அப்பா ஒரு ஊர், அம்மா ஒரு ஊர், என்னோடு போனில் பேச ஆளுக்கொரு ஞாயிறு. வருஷா வருஷம் விடுமுறை முகாமின் கடைசி நாளில், மனந்திரும்புகிறவர்களை முன்னால் வரச் சொல்வார்கள். நான் வருஷா வருஷம் போவேன். யாராவது தலையில் கை வைத்து, உன் பேர் என்ன, என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் போவேன். ஏழு முகாம், ஏழு தடவை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னைப் போலவே ஒருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். கிடைத்தது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டாரே மனுஷன் என்று பொருமினேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. அன்று எல்லோரும் ஒரு பூங்காவுக்குப் போனார்கள். கூடவே போய் ஒரு பெஞ்சில் எல்லோருடைய பைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று ஆகிவிட்டால் நிம்மதியாகிவிடும் என்று நினைத்தேன். பதினொன்று ஆனது. நிம்மதிதான் வரவில்லை. மரத்தடியில் நால்வரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது நான்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு விமான நிலையத்துக்கு வேன். எட்டு மணிக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்புறமும் மனசு ஆறவில்லை. எதற்கு இந்த ஏமாற்று வேலை என்று அந்த மனிதரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியின் பின் கேட்டைத் தாண்டி, நீராவி அடிக்கிற ஒரு நீளமான அறை. ஓரத்தில் நான்கு பெரிய இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. நடுவில் தள்ளுவண்டி நிறைய வெளுத்த பெட்ஷீட்டுகள். சுவரில் தோள் உயரத்தில், கையை விரித்த அகலத்துக்கு இரண்டு ஆணிகள், துணி கிழியாமல் இருக்கப் பஞ்சு சுற்றியவை. அவர் பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை ஆணிகளில் மாட்டிவிட்டு, மறுமுனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். இழுத்து உதறி, சுவர்வரை போய், கழற்றி மடித்தார். திரும்பியபோது என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கா வியாழக்கிழமை?"

குரலில் கோபமே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "பதினோரு தடவை கை தூக்கியிருக்கீங்களாமே. எதுக்கு அங்கிள் எங்கள ஏமாத்துறீங்க?" என்று படபடவென்று கொட்டிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் பாதி மறந்துவிட்டது.

அவர் அடுத்த பெட்ஷீட்டை எடுத்தார். "அந்த முனையப் பிடி."

பிடித்தேன். பிடிக்காமல் என்ன செய்வது? இருவரும் விலகி நின்று உதறினோம், மடித்தோம், நெருங்கி வந்தோம். என் கையில் இருந்த முனைகளை வாங்கிக்கொண்டு, அடுத்ததை நீட்டினார். நான்கைந்து ஆனபிறகுதான் பேசினார்.

"நான் ஞானஸ்நானம் எடுத்து முப்பது வருஷமாச்சு தம்பி. விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

"எங்கேருந்தோ வந்து ஆடிப் பாடி நிக்கிறீங்க. யாரும் கை தூக்கலேன்னா புள்ளைங்க மூஞ்சி சுண்டிப் போகுது. எனக்குப் பாக்கச் சகிக்கல. ஒவ்வொரு டீம்லயும் ஒருத்தன் இருப்பான், எதுலயும் ஒட்டாம. அவனுக்கு எந்த வரிசைன்னு பாத்துட்டு அங்க போய் உக்காந்துக்குவேன். நீ தலைல துண்டக் கட்டிக்கிட்டு நின்ன கோலம் இருக்கே..."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, இருவருக்கும் நடுவில் பெட்ஷீட் இருந்தது. அதைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அந்த டிக்? அதுவும் எங்களுக்காகத்தானா?"

அவர் மடிப்பை உள்ளங்கையால் நீவினார்.

"இல்ல. கைதான் உங்களுக்கு. டிக் எனக்கு."

"இதுவரைக்கும் எத்தன பேரு வந்தாங்க?"

"நீதான் மொத ஆளு. அதுவும் சண்ட போட வந்திருக்க."

இயந்திரங்கள் உருண்டுகொண்டே இருந்தன. நானும் ஏழு முகாமில் ஏழு தடவை முன்னால் போனவன்தான் என்று சொன்னேன். எதற்காகப் போனேன் என்பதையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இரண்டு கையிலும் முனைகளைப் பிடித்தபடி, "உன் பேரென்ன?" என்று கேட்டார்.

பன்னிரண்டு நாளில் அங்கே அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சொன்னேன். ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வண்டில இன்னும் அறுபது கிடக்கு. முனைய விட்டுடாத" என்றார்.

நாற்பதாவதில் மணி பத்தேகால் ஆகிவிட்டது. அவரே கதவைக் காட்டி, "ஓடு, வேன விட்டுடப் போற" என்றார். கடிதம் போடுகிறேன், மறுபடி வருகிறேன் என்றெல்லாம் வாய்வரை வந்தது. வியாழக்கிழமை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஊரில் ஜெபக் குழுவின் முன்னால் என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். எத்தனை ஆத்துமா என்று கேட்டார்கள். ஆத்துமா இல்லை, ஒருவரைப் பார்க்கப் போனேன், அதுவும் இரண்டு நாள் தாமதமாக, அவரோடு நாற்பது பெட்ஷீட் மடித்தேன் என்றேன். "மரம் பேசுதுடா" என்று கிட்டார் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் இருபதை அவர் ஆணியில் மாட்டித்தான் மடித்திருப்பார் என்பதை மட்டும் சொல்லவில்லை.