ஐந்தேகால் ரயிலுக்கு ஆறு பெண்கள்

கடிதத்தை பிளோறன்ஸ் மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது உருளைக்கிழங்கு குழைந்துவிட்டிருந்தது. அவள் சமைக்கும் ஜேர்மன் முதியோர் இல்லத்தில் எண்பது பேருக்கான மதியச் சாப்பாடு அது. அடுப்பை அணைத்தாள். தண்ணீரை வடித்து, வெண்ணெயும் பாலும் ஊற்றி மசித்துவிட்டாள். மசித்த கிழங்கைக் கண்டால் அங்கே ஒருவரும் குறை சொல்வதில்லை. கடிதம்தான் மசிவதாக இல்லை.

நகரசபையின் பண்பாட்டு அலுவலகம் அனுப்பிய கடிதம். ஒரு நாடகம் போடுவதற்கு உதவி கேட்டு மூன்று மாதங்களுக்கு முன் அவள் விண்ணப்பித்திருந்தாள். நகரத்துக் குழுக்களுக்கு அந்த அலுவலகம் வருடாவருடம் கொடுக்கும் உதவி அது. மண்டபமும் கிடைக்கும், விளக்கும் ஒலியும் அவர்களே பார்ப்பார்கள். படிவத்தில் 'நாடகம்' என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டிருந்தாள். பான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் நடாலி ஒவ்வொரு வரியையும் திருத்திக் கொடுத்திருந்தாள். இப்போது கடிதம் சொன்னது இதுதான்: உங்கள் விண்ணப்பத்தை வெளிநாட்டவர் ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம். கோடை விழாவில் இருபது நிமிட நடனமும், உங்கள் நாட்டு உணவுக் கடையும் என்றால் உதவி உறுதி. உங்கள் வடைகள் எங்கள் மக்களிடையே பெருவரவேற்புப் பெற்றவை.

வடைகளைப் பற்றி அவர்கள் எழுதியது உண்மைதான். பதினொரு கோடைகளாக அந்த விழாவில், கழிப்பறை வண்டிகளுக்கு இரண்டு கூடாரம் தள்ளி நின்று, பிளோறன்ஸும் மற்றப் பெண்களும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வியர்த்திருக்கிறார்கள். மேடையில் யார் பாடினார்கள் என்று அவர்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. சட்டியின் இரைச்சலுக்கு மேலாகக் கைதட்டல் மட்டும் கேட்கும்.

நாடகம் அந்த வருடம், 2007இன் தொடக்கத்தில், ரயில் நிலையத்தில் பிறந்தது. விடியற்காலை ஐந்தேகால் ரயிலுக்கு ஆறு தமிழ்ப் பெண்கள் நிற்பார்கள். எல்லோரும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். ஒருத்தி சலவைச்சாலைக்கு, ஒருத்தி வெதுப்பகத்துக்கு, பிளோறன்ஸ் சமையலறைக்கு. மூத்தவளான கொறற்றி நகரசபைக் கட்டடம் துடைக்கப் போவாள். பனி கொட்டிய ஒரு நாள் ரயில் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்கள் பேசியதை, சண்டை பிடித்ததை, குளிருக்குப் பாடியதை பிளோறன்ஸ் வீட்டுக்கு வந்து எழுதினாள். பாதி தமிழ், பாதி ஜேர்மன். நடிக்கப்போவதும் அந்த ஆறு பேர்தான்.

பின்னேரம் கணவர் யாகோப்பு வேலையால் வந்ததும் கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே கதவடியில் நின்று வாசித்தார்.

"தாறம் எண்டுதானே எழுதியிருக்கிறாங்கள். கடையைப் போட்டிட்டு, டான்ஸ் நேரத்திலை உன்ரை நாடகத்திலை ஒரு துண்டைச் செய்யன்."

"ஒண்டரை மணித்தியால நாடகமப்பா. துண்டு போட அது என்ன கேக்கோ?"

"இப்ப வேண்டாமெண்டால் ஒண்டும் கிடையாது. பிறகு அவளவை உன்னைத்தான் கேப்பாளவை."

அதுதான் அவளுக்கும் பயம். நாடகம் போட நினைத்திருந்த கார்த்திகை மாதத்துக்கு ஐந்து பெண்கள் இப்போதே விடுமுறை சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கொறற்றிக்கு ரெலிபோன் எடுத்தாள். கடிதத்தைத் தமிழில் சொல்லி முடித்தாள்.

"நான் அந்தக் கட்டடத்தைத் துடைக்கிறன் பிளோறன்ஸ், ஒன்பது வருசம்," என்றாள் கொறற்றி. "இரண்டாம் மாடியிலை ஒரு பெரிய அறை இருக்கு. வாற வியாழன் அங்கை பண்பாட்டுக் குழுக் கூட்டம். அறிவித்தல் ஒட்டியிருக்கு, ஆரும் வரலாமாம். தொடங்க முதல் ஊராக்கள் கேள்வி கேக்கலாமாம்."

"நானோ? அந்த ஆக்களுக்கு முன்னாலையோ?"

"நானும் வாறன். அந்த அறையிலை நான் இன்னும் ஒருக்காலும் இருந்து பாக்கேல்லை."

வியாழக்கிழமை பிளோறன்ஸ் பூசைக்குப் போகும் சேலையைக் கட்டினாள். பிறகு அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகும் காற்சட்டையையும் மேற்சட்டையையும் போட்டுக்கொண்டு போனாள். சேலையில் போனால் நடனம் கேட்பார்கள் என்று தோன்றியது. நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பதின்மூன்று உறுப்பினர்கள். தலைமையில் வெள்ளைத் தலைமயிர் கொண்ட ஒரு முன்னாள் ஆசிரியை. கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரி வீலாண்ட் ஓரத்தில் கோப்புகளோடு இருந்தார். பார்வையாளர் வரிசையில் நடாலிக்கும் கொறற்றிக்கும் நடுவில் இருந்த பிளோறன்ஸ் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். நடாலி அதன்மேல் கையை வைத்தாள்.

"நான் கதைக்கட்டோ அம்மா?"

"வேண்டாம் பிள்ளை. என்ரை நாடகம்."

எழுந்தாள். அவளுடைய ஜேர்மனில் ஆண்பாலும் பெண்பாலும் எப்போதும் கலந்துவிடும். அன்றும் கலந்தன. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி நாற்காலிவரை போனது.

"நான் நாடகத்துக்கு விண்ணப்பித்தேன். என் படிவத்தில் சாப்பாடு என்ற சொல்லே இல்லை. அதை எழுதியது யார்?"

வீலாண்ட் கோப்பிலிருந்து நிமிர்ந்தார். கெட்ட எண்ணம் கொண்ட மனிதர் அல்ல. "அந்தப் பிரிவில் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று நினைத்தேன். தமிழ் நாடகம் இங்கே யாருக்கு விளங்கும்?"

"ரயிலுக்குக் காத்து நிற்பவர்களுக்கு விளங்கும்," என்றாள் பிளோறன்ஸ்.

யாரோ சிரித்தார்கள். தலைவி பேனையைக் கீழே வைத்தார். "அது என்ன நாடகம்?"

விளக்கிச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியின் உணர்ச்சியில்லாத குரலில், ஐந்தேகால் ரயில் சில நிமிடங்கள் பிந்தும் என்றாள். மூச்சு எடுத்து, இன்னும் சில நிமிடங்கள் என்றாள். மறுபடியும், இன்னும் சில. தொழிற்சங்கத்தைச் சேர்ந்த தடித்த உறுப்பினர் ஒருவர் மேசையில் அடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன், மன்னார்க் கூத்து மெட்டில் அவள் பாடத் தொடங்கினாள்.

'ஊரெல்லாம் உறங்க ஒரு வாளி எடுத்து வந்தேன்,
யாரெல்லாம் நடக்கவோ இத் தரை துடைத்து வைத்தேன்.'

நான்கு வரிகள்தான். தலைவி பொருள் கேட்டார். பிளோறன்ஸ் ஜேர்மனில் சொன்னாள். அப்போது பக்கத்தில் நாற்காலி தரையில் உரசியது. கொறற்றி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசி அறியாதவள், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அது இந்தத் தரைதான்," என்றாள் ஜேர்மனில். "காலை ஐந்தே முக்காலுக்கு. துடைப்பது நான்."

பதின்மூன்று பேரும் குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள். வீலாண்டும் பார்த்தார். பிறகு அவரே பேசினார். விண்ணப்பத்தைத் தான் தவறான இடத்தில் வைத்துவிட்டதாகச் சொல்லி, நாடகப் பட்டியலில் மறுபடி சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். கைகள் உயர்ந்தன. ஒருவர் மட்டும் உயர்த்தவில்லை. அவர் எதற்கும் உயர்த்துவதில்லை என்று கொறற்றி பிறகு கேள்விப்பட்டாள்.

வெளியே வந்ததும் பிளோறன்ஸ் படிக்கட்டில் இருந்துவிட்டாள். நடாலி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்கள் வினைச்சொல் எல்லாத்தையும் பிழையான இடத்திலை வைச்சீங்கள் அம்மா," என்றாள்.

"விளங்கினதோ இல்லையோ?"

"ஓம். வடிவா விளங்கினது."

கோடை விழாவில் அந்த வருடம் வடை இல்லை. கேட்டு வந்தவர்களுக்கு யாகோப்பு அறிவித்தல் தாளைக் கொடுத்து, கார்த்திகையில் நகர அரங்குக்கு வரச் சொன்னார். தாள்களை நகல் எடுத்ததும் அவர்தான். "பசியோடை வாங்கோ, சாப்பாடு கிடையாது" என்று ஜேர்மனில் தானே ஒரு பகிடியும் சேர்த்திருந்தார்.

கார்த்திகை ஞாயிறன்று அரங்கு நிறைந்துவிட, இளைஞர்கள் படிகளில் இருந்தார்கள். ரயில் பிந்துமென்று முதல் தரம் அறிவித்ததும் ஜேர்மன்காரர் சிரித்தார்கள். கொறற்றி தன் சுடுதண்ணிப் போத்தலை ஒருவருக்கும் கொடுக்க மறுத்தபோது தமிழர் சிரித்தார்கள். நாடகம் பாதி தாண்டியபின் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. வாளிப் பாட்டு வந்தபோது ஒருவரும் இருமக்கூட இல்லை. முன்வரிசையில் யாகோப்பு வீடியோக் கமராவைக் கையில் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமரா அவருடைய சப்பாத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

திரை மூடியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கைதட்டலின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே போனது. திரை மறுபடி திறந்தது, கைகோத்துக் குனிந்தார்கள். மூடியது, திறந்தது. எத்தனை தரம் குனிய வேண்டுமென்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"இருந்திட்டினமோ?" என்று குனிந்தபடியே பிளோறன்ஸ் கேட்டாள்.

"இல்லை. எல்லாரும் எழும்பி நிக்கினம்," என்றாள் பக்கத்திலிருந்து கொறற்றி.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று பிளோறன்ஸ் தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து பேர் குனிந்திருந்தார்கள். கொறற்றி குனியவில்லை. வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.