முன்னால் நிற்கும் விண்டோ

லெனோர் எழுதிய புரோகிராமுக்கு ஒரே ஒரு வேலைதான். கம்ப்யூட்டர் திரையில் பத்து விண்டோ திறந்து கிடந்தாலும், தட்டுகிற எழுத்து போய்ச் சேருவது முன்னால் நிற்கும் ஒன்றில்தான். அந்த இடம் கைமாறும்போதெல்லாம் சிஸ்டம் உள்ளுக்குள் குரல் கொடுக்கும். அதற்குக் காது கொடுத்து, எது பின்னால் போனது, எது முன்னால் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கனடாவின் வின்னிபெக் நகரத்து வக்கீல்கள் எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் உழைத்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று, அப்போதுதான் கம்பெனி ஆரம்பித்திருந்த முதலாளி கிளேட்டனின் வீட்டு நிலவறையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது.

கம்பெனி வளர்ந்தது. வேலை செய்கிறவர்களைவிட வேலை வாங்குகிறவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள் என்று கிளேட்டன் கண்டுபிடித்தான். புரோகிராமின் தலையில் 'கவன மதிப்பெண்' என்று ஒன்றைக் கட்டினான். விண்டோ அடிக்கடி மாறினால் மதிப்பெண் இறங்கும். வாங்கலாமா என்று பார்க்க வருகிறவர்கள் நம்ப வேண்டுமே, அதற்காகச் சொந்த ஆபீசிலேயே எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டு, சுவரில் பெரிய திரை மாட்டி, பெயரும் மதிப்பெண்ணுமாக ஓடவிட்டான். பிடிக்கவில்லை என்று லெனோர் ஒருமுறை சொன்னாள். அவன் சிரித்து மழுப்பினான். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

சுவரில் எப்போதும் கடைசிப் பெயர் வெஸ். புது புரோகிராம் எது வந்தாலும் முதலில் போட்டு உதைத்துப் பார்ப்பவன் அவன்தான். வாடிக்கையாளர் போன் செய்தால் எடுப்பவனும் அவனே. வெள்ளிக்கிழமையோடு அவனை அனுப்பிவிடப் போவதாக, காபி ஊற்றிக்கொண்டே கிளேட்டன் லெனோரிடம் சொன்னான். காரணம் கேட்டதற்குச் சுவரைக் காட்டினான்.

லெனோர் நேராக வெஸ்ஸின் மேஜைக்குப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள். சர்க்கரை நோய் அவனுடைய கண்ணைப் பாதி தின்றிருந்தது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி புரோகிராம் இல்லாமல் அவனால் ஒரு வரி படிக்க முடியாது. அதை நகர்த்தும்போதெல்லாம் அதன் சின்னப் பெட்டி ஒரு கணம் முன்னால் வந்து, மறுபடி பின்னால் போயிற்று. சிஸ்டம் ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்தது. அவள் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாகக் குறித்துக்கொண்டது. ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படித்து முடிப்பதற்குள் வெஸ் நூறு தடவை கவனம் சிதறியவனாகிவிட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. கிளேட்டன்மேல் பாதி, தன்மேல் பாதி.

கிளேட்டனிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். அவனும் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். உருப்பெருக்கியைக் கணக்கில் சேர்க்காதே என்று புரோகிராமில் ஒரு வரி எழுதிவிட்டால் போயிற்று, வெஸ்ஸும் இருக்கட்டும், மதிப்பெண்ணும் இருக்கட்டும் என்றான்.

"அது மட்டுமில்ல கிளேட்டன். கேள்வி ஒரு விண்டோல, பதில் இன்னொண்ணுல. மாத்தி மாத்திப் பாக்கறதுதான் இங்க எல்லாருக்கும் வேலையே. விண்டோ மாறுச்சான்னுதான் நான் எழுதினேன். மனசு மாறுச்சான்னு எழுதல."

"வாங்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் வேணாம், லெனோர். அந்த ஒரு வரிய எழுது, இல்லன்னா வெஸ் போறான். உன் இஷ்டம்."

பேச்சு அதோடு முடிந்தது. மதியம் சாப்பாட்டு மேஜையில் வெஸ்ஸிடம் சொன்னாள். அவன் பெரோகி கொழுக்கட்டைமேல் வதக்கிய வெங்காயத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டான்.

"அப்ப எனக்குன்னு தனியா ஒரு வரி. வெஸ் பாவம், விட்டுடுங்கன்னு."

"உன் வேலை போகாம இருக்கும்ல?"

"அடுத்த மாசம் வேற எவனாவது மாட்டுவான். அவனுக்கு யாரு வரி எழுதுவா? எழுதறதுன்னா மொத்தமா எழுது. இல்ல, என்னைய விடு, நான் போய்க்கறேன். பிச்சையா ஒரு வரி எனக்கு வேணாம்மா."

லெனோர் மேஜைக்குத் திரும்பினாள். வரி எழுதவில்லை, அழித்தாள். மதிப்பெண் போடுகிற பகுதி முழுவதையும் வேரோடு பிடுங்கினாள். வக்கீல்களுக்கான நேரக்கணக்கு அப்படியே இருந்தது; சுவருக்குப் போகும் பட்டியல் போயிற்று. என்ன மாற்றினாய் என்று எழுத வேண்டிய இடத்தில், 'இந்த எண் பொய் சொல்கிறது, எடுத்துவிட்டேன்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். வேலை போனால் போகட்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

ஆனால் ஒருத்தர் மாற்றியதை இன்னொருத்தர் படித்துச் சம்மதம் தராமல் எதுவும் புரோகிராமுக்குள்ளே போகாது. கம்பெனி ஆரம்பித்த நாளில் கிளேட்டனே வைத்த சட்டம் அது. முதலாளிக்கும் விலக்கு இல்லை என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான். சம்மதம் தரக்கூடியவர்கள் அந்த அறையில் ஏழெட்டுப் பேர். லெனோர் வெஸ்ஸுக்கு அனுப்பினாள்.

வெஸ் உருப்பெருக்கியைத் திறந்தான். அழித்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தான், அவசரப்படவில்லை. அவன் படிக்கப் படிக்கச் சுவரில் அவனுடைய மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. யாரோ கவனித்து, பக்கத்தில் இருந்தவரைத் தொட்டுக் காட்டினார். அறை மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பூஜ்யத்துக்கு வந்தது. அவன் இன்னும் படித்துக்கொண்டுதான் இருந்தான். கடைசி வரியையும் முடித்துவிட்டுச் சம்மதத்தை அழுத்தினான். சுவரிலிருந்த பெயர்கள் எல்லாம் ஒன்றாக மறைந்தன.

கிளேட்டன் தன் அறையிலிருந்து வெளியே வந்தான். காலியான சுவரைப் பார்த்தான், லெனோரைப் பார்த்தான்.

"யாரு பண்ணது?"

"நான் எடுத்தேன். வெஸ் படிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டான். உன் சட்டப்படிதான் நடந்திருக்கு."

"ரெண்டு பேரையும் இப்பவே அனுப்ப முடியும் என்னால."

"அனுப்பு. குளிருக்காகச் சொருகி வச்ச கார் பிளக்க உருவினா ரெண்டு பேரும் கெளம்பிடுவோம்," என்றான் வெஸ். "திருப்பிப் போடறதுக்கும் ரெண்டு பேர் வேணும், அத மட்டும் மறந்துடாத."

கிளேட்டன் அறையைச் சுற்றிப் பார்த்தான். அதைத் திருப்பிப் போட யார் வருகிறீர்கள் என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

அத்தனை பேரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆபீசில் ஒரு விண்டோகூட மாறவில்லை.