பூசணிப் பூவுக்கு ஒரு மாப்பிள்ளை

பூட்டுக்காரர் யாரையும் நம்பியதில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறந்து கொடுத்த ஆளுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்? கடைக் காய்கறியையும் அவர் நம்பவில்லை. பளபளவென்று இருந்தால் என்னமோ பூசியிருக்கிறான் என்பார். வாடியிருந்தால் போன வாரத்துச் சரக்கு என்பார். அதனால்தான் நாலாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில், உடைந்த தண்ணீர் டிரம்மில் மண்ணை நிரப்பி ஒரு பூசணி விதையை ஊன்றினார்.

கொடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கைப்பிடிச் சுவர் நெடுக ஓடி, துணி காயப்போடும் கயிற்றில் ஏறி உட்கார்ந்தது. பூவும் பூத்தது. காய்தான் நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவில் மூன்று பிஞ்சு வந்து, மூன்றும் மஞ்சளடித்து உதிர்ந்துவிட்டன. நாலாவது பிஞ்சு இன்று விடிந்ததும் தலையில் பூவை விரித்துக்கொண்டு நின்றது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். பிஞ்சைக் குனிந்து பார்த்தார். பிறகு கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"ஆண் பூ எங்கே?"

"அது எது?"

"அடியில பிஞ்சு இல்லாம, நீளக் காம்புல வெறுமனே பூக்குமே, அது."

"அதுவா? தினமும் மொட்டுலேயே கிள்ளிப் போட்டுடுவேனே. காய்க்காத பூவுக்கு எதுக்குத் தண்ணியும் எருவும்? சும்மா உட்கார்ந்து தின்னுட்டு."

அம்மாள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வயிற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் கண் வழியாகத் தண்ணீராக வந்தது.

"மாப்பிள்ளைங்களையெல்லாம் விரட்டிட்டு, பேரன் எங்கேன்னு கேக்கிறீங்களே. இந்த உயரத்துக்குத் தேனீயும் வரக் காணோம். ஒரு ஆண் பூவைக் கொண்டுவந்து, அதோட தூளை இது நடுவுல தடவணும். அதுவும் ஒன்பதரைக்குள்ள. அப்புறம் இது வாயை மூடிக்கும். மூடினா இந்தப் பிஞ்சும் போச்சு."

மணி எட்டே முக்கால். பூசணிப் பூ இருந்த இன்னொரு இடம் எதிர்க் கட்டட மாடி. அது மீட்டர்காரருடையது. வீடு வீடாக மின்சார மீட்டர் குறித்து ஓய்வு பெற்ற மனுஷன். போன வருஷம் அவர் மாடியில் ஏழு பூசணி தொங்கியபோது, "கடையில வாங்கிக் கயித்துல கட்டியிருக்கான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவர் நம்ம பூட்டுக்காரர்தான். அன்றைக்கு முறிந்த பேச்சு.

பூட்டுக்காரர் சட்டையை உள்ளும் வெளியும் மாற்றிப் போட்டுக்கொண்டு நாலு மாடி இறங்கினார், நாலு மாடி ஏறினார். மீட்டர்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"ஒரு பூசணிப் பூ வேணும். ஆண் பூ."

"கடையில கேளுங்க. இங்க இருக்கிறதெல்லாம் கடைச் சரக்குதானே."

பூட்டுக்காரர் பல்லைக் கடித்தார். பிஞ்சு கண்ணுக்குள் நின்றது.

"சரிய்யா. உன் மாடியில காய்ச்சதுதான்."

"என்ன காய்ச்சது? காதுல விழல."

"பூசணி. ஏழும் கொடியிலேயே காய்ச்சது. நான்தான் வயித்தெரிச்சல்ல உளறிட்டேன். போதுமா?"

"எனக்குப் போதும். கீழே இஸ்திரிக்காரருக்கும் கேக்கணும். அவர்கிட்டதானே முதல்ல சொன்னீங்க."

பூட்டுக்காரர் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டி, தெரு அதிர அதே வார்த்தையைக் கத்தினார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

மீட்டர்காரர் இருந்ததிலேயே கொழுத்த பூவாக ஒன்றைப் பறித்து டம்ளரில் நிறுத்தினார். கொடுக்கவில்லை. செருப்பை மாட்டினார்.

"நானும் வரேன். எங்க வீட்டுப் பிள்ளையை உங்களை நம்பித் தனியா அனுப்ப முடியாது."

"என்னை நம்பலையா?"

"இல்ல."

அந்தப் பதில் பூட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரில் விவரமான ஆள் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டார்.

டம்ளருக்கு மேல் கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு மீட்டர்காரர் முன்னால் நடக்க, பூட்டுக்காரர் சைக்கிள்களை விலக்கிவிட்டுக்கொண்டே போனார். இஸ்திரிக்காரரும் சேர்ந்துகொண்டார். மாடிப்படியில் எதிரே வந்த இரண்டாம் மாடி டீச்சர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பயந்து கேட்டார்.

"கல்யாணம்" என்றார் மீட்டர்காரர், மூச்சு வாங்க. "நேரம் தப்புது, வழி விடும்மா."

டீச்சரும் பின்னாலேயே ஏறினார்.

மாடிக்குப் போனபோது மணி ஒன்பது இருபது. பூவின் விளிம்பு உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்திருந்தது. யார் தடவுவது என்று இரண்டு பேருக்கும் அங்கேயே தகராறு. என் பூ என்றார் ஒருத்தர், என் பிஞ்சு என்றார் மற்றவர். அம்மாள் டம்ளரைப் பிடுங்கினார்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. பிரசவ வார்டுல ஆம்பளைங்களை நாங்க உள்ளயே விட்டதில்ல."

ஆண் பூவின் இதழ்களை உரித்தார். நடுத்தண்டை மட்டும் பிடித்து, பிஞ்சுப் பூவின் உள்ளே மூன்று தரம் ஒற்றினார். மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை. அதற்கு ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மற்ற மூன்று பிஞ்சும் மூன்றாம் நாளில்தான் மஞ்சளடித்தன. அதனால் பூட்டுக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தார், பச்சை. ஐந்தாம் நாள் பார்த்தார், பூ கருகித் தொங்க, அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு காய், மேலெல்லாம் பூனைமயிர் போல ரோமம். விரலால் தொட்டார். கெட்டியாக இருந்தது. காம்பு தடித்திருந்தது. உள்ளங்காலிலிருந்து என்னமோ குறுகுறுவென்று ஏறியது. எழுபத்தொரு வயசு ஆள் மொட்டை மாடியில் டிரம்மைச் சுற்றி ஓடினார்.

பிறகு சுவருக்கு ஓடினார். "சம்பந்தி, நின்னுடுச்சு" என்று எதிர் மாடிக்குக் கத்தினார். "பழுத்ததும் பாதி உங்களுக்கு." கீழே எட்டி இஸ்திரிக்காரருக்கு ஒரு துண்டு சொன்னார். டீச்சருக்கு ஒரு துண்டு. தெருவில் போன தபால்காரரை நிறுத்தி அவருக்கும் ஒன்று. அப்புறம் போகிற வருகிற யாரையும் விடவில்லை.

அம்மாள் துணியை உதறிக் கயிற்றில் போட்டபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எலுமிச்சங்காய் அளவுதான் இருக்கு. அதுல இதுவரைக்கும் ஒன்பது வீட்டுக்குப் பங்கு சொல்லியாச்சு. நமக்கு என்ன மிஞ்சும்?"

"வளரும்டி" என்றார் பூட்டுக்காரர், பத்தாவது ஆளுக்குக் கை ஆட்டிக்கொண்டே.