செருப்பை எடுத்து வைக்கும் காட்சி

அந்த ரஷ்யப் படத்தை என்னோடு உட்கார்ந்து முழுசாகப் பார்க்க ஒரு ஆள் கிடைக்காதா என்று ரொம்ப நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். ரத்தக்காட்டேரிப் படம்தான், ஆனால் பயமுறுத்துகிற படம் இல்லை. டிராம் ஓட்டுகிற ஒருத்தன் ரத்தக்காட்டேரி ஆகிவிடுகிறான். வீட்டுக்காரர் கூப்பிடாமல் அவனால் எந்த வாசலையும் தாண்ட முடியாது. சொந்த வீடென்றாலும் அதே கதிதான். பல வருஷம் கழித்து, கொட்டுகிற பனியில், பெண்டாட்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனுடைய பழைய வீட்டுச் செருப்பை எடுத்துத் துடைத்து, வாசலுக்கு உட்பக்கம், அவன் காலை நுழைக்கத் தோதாக வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அது கூப்பிட்டதாகக் கணக்கா, இல்லையா? படம் அதைச் சொல்லாமலே முடிகிறது. இணையத்தில் அந்தப் படத்துக்கென்று இருக்கிற குழுவில் இதற்காக அடித்துக்கொள்ளாத குறை.

எனக்கு அவர்கள் கருத்து வேண்டாம். என் மனைவி என்ன சொல்வாள் என்று தெரிய வேண்டும். சண்டை என்றால் நாள் கணக்கில் பேச மாட்டாள். ஆனால் வேளை தவறாமல் தட்டு மட்டும் என் முன்னால் வந்து உட்காரும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒருவழியாக என் விடுமுறை நாளில் பார்ப்பதாக ஒத்துக்கொண்டாள். மதியம் டிவியைத் துடைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவளுக்கு ஒரு தலையணையும் போட்டு வைத்தேன். அந்த நேரம் பார்த்து மச்சினன் ஒரு மூட்டையோடு வந்து நின்றான். துணிக்கடையில் வேலை. ஏதோ ஓட்டல் ஊழியர்களின் பேண்ட்டாம், கீழ் மடிப்பெல்லாம் கையால் தைத்து சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். டிவியில் நான் நிறுத்தி வைத்திருந்த காட்டேரியின் முகத்தைப் பார்த்தவன் என் பக்கம் திரும்பினான். நான் பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவன்.

"மாமா, இவனுக்குப் பல்லு நீங்கதான் கட்டிக் குடுத்தீங்களா? ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதே."

நிஜமாகவே இடது பக்கம் கொஞ்சம் தூக்கல்தான். அது எனக்கும் உறுத்தும். ஆனால் அவனிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் போனதும் மனைவி மூட்டையைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்தாள். வாயில் நாலைந்து குண்டூசி. நீங்க படத்தைப் போடுங்க, நான் காதால பாத்துக்கறேன் என்றாள். தமிழ்ப் படமென்றால் அப்படித்தான் பார்ப்பாள். பாதிப் படங்களில் கதாநாயகனின் முகமே அவளுக்குத் தெரியாது. ஆனால் இது ரஷ்யப் படம். வசனம் கீழே தமிழ் எழுத்தாக ஓடும், நிமிர்ந்து படித்தால்தான் உண்டு.

வேறு வழியில்லாமல் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் ஒரு வரியை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எழுத்தைத் துரத்துவதில் ஒரு முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நடுவில் அவள் கேள்வி வேறு. டிராமுக்கு ராத்திரியில் டிக்கெட் உண்டா, அவனுக்குச் சம்பளம் வருதா, இப்படி.

அந்தக் காட்சி வந்தது. அதில் வசனமே கிடையாது. படிக்க ஒன்றுமில்லாமல் நான் வாயை மூடினேன்.

"நின்னு போச்சா?" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓடிட்டுதான் இருக்கு. நிமிந்து பாரு."

"இந்தக் காலை முடிச்சிடறேன் இருங்க."

அவள் நிமிர்ந்தபோது திரையில் வெறும் பனி. எனக்கு வந்ததே கோபம். டிவியை அணைத்துவிட்டேன். அவள் கையில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அவன் உள்ள போனானா இல்லையா?"

"சொல்ல மாட்டேன். பாத்தாதான் தெரியும்."

"அப்ப நீங்க தைங்க, நான் பாக்கறேன்."

மெழுகில் பல் செதுக்குகிற கைக்கு மடிப்புத் தையலா வராது என்று நானும் பேண்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவள் தலையணையில் சாய்ந்து, முதலிலிருந்து போடச் சொல்லி, எனக்கு வசனம் படித்துக் காட்டினாள். மின்சார பில்லைப் படிப்பதுபோல் படித்தாள். பாதியை விட்டுவிட்டாள். நான் உருகி உருகிப் பார்த்த பாலத்துக் காட்சியில், "ஏதோ சொல்றான், முக்கியமில்ல" என்று தாண்டிப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன்.

பிறகு அவள் குரல் நின்றது. எந்த இடமென்று எனக்குத் தெரியும். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். என் கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டே இருந்தது.

"இப்ப சொல்லு," என்றேன். "அது கூப்பிட்ட மாதிரியா, இல்லையா?"

"சும்மா இருங்களேன்."

படம் முடிகிறவரை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பெயர்களெல்லாம் ஓடி முடிந்ததும் திரும்பவும் கேட்டேன். அவள் என் மடியிலிருந்த பேண்ட்டை எடுத்து, காலுக்குள் கையை விட்டாள். கை போகவில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து, காலின் வாயையே மூடித் தைத்து வைத்திருந்தேன்.

"இதுக்குள்ள," என்றாள், "கூப்பிட்டாக்கூட யாரும் வர முடியாது."

பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மச்சினன் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தான்.